அறுபத்திரண்டாம் வரி

அலமாரிக் கதவின் உட்புறத்தில், சாயும் வெயில் பட்டு, பென்சில் எண்கள் மினுங்குகின்றன. வீட்டை விற்கப்போகிறார்கள். பெயிண்டர் பிரஷ்ஷோடு காத்து நிற்க, அக்கா தம்பியோடு தரையில் உட்கார்ந்து கடைசி எண்ணின் இலக்கங்களை விரல்விட்டுக் கூட்டுகிறாள். சின்ன வயதில் அவளும் தம்பியும் இரண்டில் தொடங்கி, வரிக்கு வரி இரட்டித்து, நூறாம் வரியில் முப்பத்தோரு இலக்கத்தை எட்டிவிட்டுத் தெருவெல்லாம் பீற்றிக்கொண்ட எண் அது. கதவைப் பாழாக்குறீங்களே என்று தையல் மெஷினிலிருந்து தலை தூக்காமலே அப்பா கத்துவார். “டேய், கூட்டினா நூத்தி இருபது வருது. மூணால வகுபடுதுடா!” “அது எப்படிக்கா? வெறும் ரெண்டையே பெருக்கினதுல மூணு எங்கேருந்து வரும்?” இருவரும் ஒவ்வொரு வரியாகக் கூட்டிக்கொண்டே மேலே போகிறார்கள். அறுபத்திரண்டு வரை எல்லாமே மூன்றால் வகுபடுகிறது; அறுபத்தொன்று வகுபடவில்லை. அறுபத்திரண்டில் அடுத்த இலக்கத்தோடு சேர்க்கவேண்டிய மீதி ஒன்று விட்டுப்போயிருக்கிறது. “உன் வேலைதானே?” “நானா? நீ எழுதினதுன்னுல்ல இத்தனை வருஷமா நெனச்சிட்டிருக்கேன்!” அக்கா கண்ணாடியைப் புடவையில் துடைத்து மறுபடி பார்க்கிறாள். கதவு முழுக்கத் தலை திறந்த நாலு. இந்த ஒரு வரியில் மட்டும் தலை மூடிய நாலு. அளவு நோட்டில் அப்பா போடுகிற நாலு. தம்பி பென்சிலை எடுக்கிறான். “திருத்திடவாக்கா?” அவள் அந்த வரியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பெயிண்டர் பக்கம் திரும்புகிறாள். “ஸ்க்ரூடிரைவர் வச்சிருக்கீங்களா? கதவைக் கழட்டணும்.”