ஏரிக்குள் எடுத்த பேட்டி

பேரிகை ஊர்ப் பக்கம் வறண்டுபோன ஏரிக்குள் நின்று, உள்ளூர் ரேடியோவுக்காக அந்த ஊர்க் காத்தூனிடம் தண்ணீர்ப் பஞ்சம் பற்றிப் பேட்டி எடுத்தாள் லிபியா.

“எத்தினி பேரு வந்து கேட்டுட்டுப் போயிட்டாங்க. என்னம்மா ஆச்சு?” என்றாள் காத்தூன். அவள் குரலில் கோபம்கூட மிச்சமில்லை.

ஓசூர் திரும்பிப் பதிவைக் கேட்டபோது, பேச்சுக்குப் பின்னால் அலைகள் கரையில் மோதும் சத்தம் இருந்தது. என்ன செய்தும் அதை நீக்க முடியவில்லை. அலுத்துப்போய் அப்படியே ஒலிபரப்பினாள்.

மறுநாள் காத்தூன் போன் செய்தாள்.

“ரேடியோல தண்ணிச் சத்தம் கேட்டு, ஊரே குடத்தத் தூக்கிட்டு ஏரிக்குள்ள எறங்கிருச்சும்மா.”

“தண்ணி இருந்துச்சாக்கா?”

“எங்க? வெடிச்ச மண்ணுதான். வெறுங்குடத்தோட திரும்பிட்டோம்.” என்றாள் காத்தூன். “ஆனா எல்லாருக்கும் பொடவ முட்டி வரைக்கும் நனைஞ்சிருக்கு. இப்ப அதத்தான் பிழிஞ்சு குடத்துல புடிக்கிறோம்.”