சட்டையோடு நின்றவன்

“டேய் சிவகரன், ஐயர் மூண்டாந்தரமும் ஆள் விட்டிட்டார். சட்டையைக் கழட்டு.”

கோயில் வாசலில் நின்று வாகீசன் சொன்னான். சிவகரன் சட்டை நுனியைப் பிடித்தான். கை அதற்குமேல் எழும்பவில்லை.

ஆண்கள் சட்டையோடு உள்ளே போகக்கூடாத புளியங்கூடல் அம்மன் கோயிலில் அன்று அவர்கள் வீட்டு உபயத் திருவிழா. வருடாவருடம் அப்பா மார்க்கண்டுதான் வெறும் மேலோடு ஐயருக்கு முன்னால் இருந்து விரலில் தர்ப்பை போடுவார். இந்த வருடம் பனையால் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, கட்டிலோடு கிடக்கிறார். வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லை. இன்று அந்த இடத்தில் பங்காளி வீட்டுக்காரன் இருந்தால், எலும்பு பொருந்தினாலும் மனுசனின் மனம் பொருந்தாது.

“எனக்கு ஏலாதடா.”

“ஏன் ஏலாது? இந்தமுறை செத்தவீட்டுத் துடக்கெண்டும் சொல்லேலாது. ஏழு வருசத்தில எத்தினை சொந்தக்காரரைச் சாக்காட்டிப் போட்டாய். கனடாப் பெரியப்பாவை மட்டும் ரெண்டுதரம்.”

சிவகரனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

நெஞ்சுதான் அவனுக்கு வினை. பதின்மூன்று வயதில் அது கொழுத்துத் தொங்கத் தொடங்கியது. “உனக்கு ஒரு உள்சட்டை தைக்கக் குடுக்கட்டோ?” என்று பள்ளிக்கூடத்தில் ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. இருபது வயதாகியும் அந்தச் சிரிப்பு அவன் காதுக்குள் கிடக்கிறது. அதற்குப் பிறகு அவனுடைய வெறும் மேலைக் கண்டது கிணற்றடியை மறைத்த தகரம் மட்டும்தான்.

வாகீசனுக்கு அப்படியில்லை. சட்டைக்கு மேலாலேயே தெரியும், உளி பிடித்துச் செதுக்கிய மாதிரித் தேகம். ஆனாலும், “நீ தனிய நிக்கப் போறியே” என்று அவனும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் வெளியிலேயே நின்றுவிடுவான். சாட்டிக் கடலில் சிவகரன் சட்டையோடு இறங்கினால் அவனும் சட்டையோடு இறங்குவான். இப்படி ஒரு கூட்டாளி யாருக்குக் கிடைப்பான்?

உள்ளேயிருந்து அம்மா யோகம்மா வந்தாள். “தம்பி, அந்த மனுசன் வீட்டில கட்டில்ல மணிச்சத்தத்துக்குக் காதைக் குடுத்துக்கொண்டு கிடக்கும். நான் போய் என்னத்தைச் சொல்லுறது?”

பதிலுக்கு நிற்காமல் திரும்பிப் போனாள். அதுதான் அவனுக்குத் தைத்தது.

“உள்ளுக்கு அம்பது ஆம்பிளையள் இருக்கினம். எல்லாரும் பாப்பினமடா.”

“பாக்கட்டுமன். உன்ர மேல்தானே. ஆரிட்டையும் களவெடுத்துக்கொண்டு வந்தனியோ?”

மூட்டையை முதுகில் ஏற்றுகிறவன் மூச்சை அடக்குவதுபோல அடக்கி, சிவகரன் சட்டையைக் கழற்றினான். வாகீசனின் கையில் திணித்தான். குனிந்த தலை நிமிராமல் உள்ளே போனான்.

ஐயருக்கு முன்னால் இருந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். பக்கத்தில் இருந்த ஊர்ப்பெரியவர் ஆழ்வாப்பிள்ளையின் வயிறு வேட்டிக்கு மேலே பானைபோல இருந்தது. அவருக்கு அங்கால் ஒருவருக்கு விலா எலும்பை எண்ணலாம். இன்னொருவருக்கு நெஞ்சின் நடுவால் தையல் போட்ட தழும்பு. எல்லாரும் வேர்க்க வேர்க்க அம்மனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மார்க்கண்டுவின்ர பொடியனே? கொஞ்சம் தள்ளி இரும் தம்பி, எனக்கும் காத்து வரட்டும்,” என்றார் ஆழ்வாப்பிள்ளை. அவ்வளவுதான். ஏழு வருடமாக அவன் பயந்த பார்வை அந்தக் கோயிலுக்குள் எங்குமே இல்லை.

பூசை முடிந்ததும் சிவகரன் வாசலுக்கு ஓடிவந்தான். நெஞ்சு முழுக்கச் சந்தனமும் வேர்வையும்.

“டேய், ஒருத்தரும் பாக்கேல்லையடா. சாமியைத் தோளில காவ ஒரு ஆள் குறையுது. கழட்டிப்போட்டு ஓடி வா.”

“நீ போ. நான் செருப்புகளைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

“செருப்பை ஆர் கொண்டு போறான்?” என்று சிவகரன் விளையாட்டாக வாகீசன் போட்டிருந்த சட்டையைப் பிடித்து இழுத்தான். கழுத்துப் பொத்தான் தெறித்துப் போயிற்று.

வாகீசன் பாய்ந்து கழுத்தைப் பொத்தினான். பொத்துவதற்கு முதலே சிவகரன் கண்டுவிட்டான். எப்போதோ தீயில் வெந்து சுருண்ட தோல், கழுத்துக்குக் கீழே நெஞ்சு முழுவதும் இறங்கிப் போயிருந்தது.

“நீ உள்ளுக்குப் போயிட்டாய்,” என்றான் வாகீசன். “இனி நான் ஆருக்குத் துணையெண்டு சொல்லி வெளியில நிக்கிறது?”