கட் சொன்னவள்

ஒட்டுசுட்டானில் கோசலா எடுத்த குறும்படம் முழுவதும் ஒரே ஷொட். ஒரு தாய் சோறு வடித்து, சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு மூடிவிட்டு, வேலிப் படலைக்கு வந்து காணாமல்போன மகனைக் கூப்பிட வேண்டும். பதில் வராது. இடையில் ஏதாவது பிழை நடந்தால் முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

தாயாக நடித்த நாகேஸ்வரியின் மகன் சுதர்சனும் போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவன்.

"உங்கட மகன்ர பேரையே கூப்பிடுங்கோ அம்மா. அப்பதான் உண்மையா இருக்கும்," என்றாள் கோசலா. சொல்லும்போதே நெஞ்சு உறுத்தியது. ஆனாலும் சொன்னாள்.

நாகேஸ்வரி படலையில் நின்று கூப்பிட்டார். காட்டுப் பக்கமிருந்து, "வாறன் அம்மா," என்று ஒரு குரல் கேட்டது.

யாரோ பகிடி விடுகிறார்கள் என்று நினைத்த கோசலா, "கட்!" என்று கத்தினாள். போய்ப் பார்த்தார்கள். ஒருவரும் இல்லை. ஒலிப்பதிவு செய்த துவாரகன் ஹெட்போனைக் கழற்றாமல் நின்றான்.

"குரலுக்குப் பிறகு நடந்து வாற சத்தமும் கேட்டது அக்கா. நீங்கள் கட் சொன்னதும் நிண்டிட்டுது."

மறுபடி எடுத்தார்கள். இம்முறை பதில் வரவில்லை. படம் நினைத்தபடியே அமைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

நாகேஸ்வரி படலையை விட்டு வரவில்லை. கோசலா போய் அவரது கையைப் பிடித்தாள். அவர் கோபமே இல்லாமல் கேட்டார்.

"அவன் கிட்ட வந்திட்டானெல்லே. ஏன் பிள்ளை நிப்பாட்டினனீ?"