மூன்றாம் ஓலை

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசை முடிவில், திருமண அறிவிப்பான ஓலையை வாசிப்பது உபதேசியார் தஸ்நேவிஸின் வேலை. இன்று ரெமிஜியுஸுக்கும் சகாயமேரிக்கும் மூன்றாம் ஓலை, அதாவது கடைசி ஓலை. ஏழு வருஷமாகத் தன் தோளில் தலை சாய்த்துத் தூங்கியவனின் பெயரைப் பிசிறில்லாமல் வாசித்துவிட்டார். "தடை ஏதும் அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்ற வரிக்குப் பிறகுதான் இன்றும் நிறுத்திவிட்டார். பீடத்திலிருந்து சாமியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெமிஜியுஸ், தஸ்நேவிஸ் இருவரின் பாவசங்கீர்த்தனத்தையும் கேட்டு, அவனுக்குக் கல்யாணத்தையும் இவருக்கு மௌனத்தையும் பரிகாரமாகக் கொடுத்தவர் அவர்தான். தஸ்நேவிஸ் தாளை மடித்தார்.

கோயில் வாசலில் சகாயமேரி தனியாகக் காத்திருந்தாள்.

"அண்ணே, மூணு வாரமும் அந்த இடத்துல நிறுத்துனீங்க. மத்தவங்க ஓலையில நிறுத்த மாட்டீங்களே?"