பேர் தெரியாத துடக்கு

அருட்பிரகாசம் சப்பாத்தைக் கழற்றவில்லை.

விம்பிள்டன் பிள்ளையார் கோயில் வாசலில், உள்ளே போகிறவர்களுக்கு வழி விட்டு, மதிலோரமாக நின்றார். கையில் போன்.

"ஊர் பேர் தெரியாத ஆளுக்குச் சாவுத் துடக்குக் காக்கிற மனிசன் லண்டனிலேயே நீங்கள் ஒருத்தர்தான்" என்றாள் மனைவி தவநாயகி, அர்ச்சனைத் தட்டை ஏந்தியபடி.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. செத்தது யார் என்று அவருக்குத் தெரியாது. செத்ததா என்பதே தெரியாது.

தெரிந்தது இவ்வளவுதான். ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு இரத்தத்தில் பிளேட்லெட் நிற்பதில்லை. பிளேட்லெட் இல்லாவிட்டால் இரத்தம் உறையாது, உள்ளுக்குள்ளேயே கசிந்து ஆள் முடிந்துவிடலாம். மற்றவர்களுடையதை ஏற்றினாலோ, அந்த உடம்பு அதை எதிரியென்று நினைத்து அழித்துவிடுகிறது.

அது யார் யாருடையதை எதிர்க்கிறது என்று ஆய்வுகூடத்தில் சோதித்து, ஆயிரக்கணக்கான கொடையாளர்களுக்குள் சலித்துத் தேடியதில் ஒத்துவந்தவர், நோர்பரியில் பஸ் ஓட்டும் அருட்பிரகாசம்.

இரத்ததான நிலையத்துத் தாதி அதைச் சொன்ன அன்று அவருக்கு வந்த பெருமை, மகள் கம்சிகா பட்டம் வாங்கிய அன்றுகூட வரவில்லை.

அதன்பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை அழைப்பு வரும். ஷிப்டை மாற்றிக்கொண்டு ஓடுவார். பிளேட்லெட்டைக் கெடுக்கும் என்று அஸ்பிரினை விட்டுவிட்டு, முழங்கால் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தார். சின்ன வீட்டுக்குப் போகிறவர் மாதிரி ஷேவ் எடுத்துக்கொண்டு போகிறார் என்று தவநாயகி பகிடி பண்ணுவாள்.

இந்த முறை அழைப்பு வரவில்லை.

ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது. ஒவ்வொரு முறையும் கடைசித் தரிப்பில் பஸ் நின்றதும் எடுத்துப் பார்த்தார். நேற்றுப் பொறுக்கமுடியாமல் தானே அழைத்துக் கேட்டார். இப்போதைக்குத் தேவையில்லை என்றார்கள்.

தேவையில்லை என்றால் சுகமாகிவிட்டதா? இல்லை, மற்றதா?

சொந்தத்தில் சாவு விழுந்தால் துடக்கு. அது கழியும்வரை கோயிலுக்குள் போகக்கூடாது. இத்தனை பேரில் தன்னுடையதை மட்டும் ஏற்றுக்கொண்ட உடம்பு சொந்தமில்லாமல் வேறென்ன என்று அவர் நினைத்தார். நினைக்க நினைக்கப் பயமாக இருந்தது.

போன் அதிர்ந்தது.

இரத்ததான நிலையத்துப் பெண். வியாழக்கிழமை வர முடியுமா என்றாள். அவள் கேட்டு முடிக்குமுன்பே வருகிறேன் என்றார். கண் கலங்கிவிட்டது. ஒரு சப்பாத்தை மற்றக் காலால் தள்ளிக் கழற்றினார்.

இது புது நோயாளி, சின்னப் பிள்ளை என்றாள் அவள்.

அப்படியென்றால் பழைய ஆள்?

அதைச் சொல்லத் தங்களுக்கு அனுமதியில்லை என்று மெதுவாகச் சொன்னாள்.

அருட்பிரகாசம் போனை வைத்தார். கழற்றிய சப்பாத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"நீர் உள்ள போம். ஒரு சின்னப் பிள்ளைக்கு அர்ச்சனை செய்யும். பேர் கேட்டால் சுவாமி பேருக்கு எண்டு சொல்லும்."

தவநாயகி அவர் முகத்தைப் பார்த்தாள். பகிடி ஒன்றும் வரவில்லை.

பின்னால் வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை நிறுத்தி, அர்ச்சனை விஷயத்தைச் சொல்லித் தட்டை அவளிடம் கொடுத்தாள். நீங்கள் வரவில்லையா என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இவற்ற சொந்தத்தில ஒரு சாவு" என்றாள் தவநாயகி. "இவருக்குத் துடக்கெண்டால் எனக்கும்தானே."

பிறகு மதிலோரம் வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.