ஈரக்கல்லில் ஒரு கட்டைவிரல்

செங்கல் சூளையிலிருந்து மீட்டு வந்த கொத்தடிமைக் குடும்பங்களை, பாதி கட்டி முடித்திருந்த நூலகத்தில் தங்கவைத்திருந்தார்கள் கல்லூரிக்காரர்கள். கேசரி கொடுத்தார்கள், பாட்டுக்கூடப் பாடினார்கள். அவர்களில் பவுனு மட்டும் கேசரியைத் தொடவில்லை. சூளை முதலாளியும் முதல் நாள் பிரியாணி போட்டவன்தான். அதற்குப் பிறகுதான் கடன் பத்திரத்தில் கைநாட்டு வாங்க மைப்பெட்டி வந்தது.

இங்கேயும் வந்தது. பெனிட்டா என்ற மாணவி ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"கொத்தடிமை முறைய ஒழிக்கணும்னு மனுதான்க்கா. ஒரு கைநாட்டு வைங்க."

பவுனு கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"அப்புறம் வெளிகேட்ட ஏம்மா பூட்டி வெச்சிருக்கீங்க?"

"உங்க பாதுகாப்புக்குத்தான்க்கா."

முதலாளியும் அதையேதான் சொல்லுவான். பவுனு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதிரே பூசாத சுவர். அதில் ஒரு செங்கல்லின் மூலையில் சின்னதாக ஒரு குழி. சூளையில் பக்கத்துக் குடும்பம் அச்சில் அறுத்த கல்லோடு கலந்துவிடாமல் இருக்க, ஈரக்கல்லில் அவள்தான் கட்டைவிரலை அப்படி அழுத்தி வைப்பாள். எழுந்து போய் விரலை வைத்துப் பார்த்தாள். வெந்த கல் கொஞ்சம் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான்.

"உங்க காலேஜுக்கு நான் எப்பவோ கைநாட்டு வெச்சுட்டேம்மா" என்றாள், விரலை எடுக்காமலே.