வலி மாத்திரைக்குத் தடை

கிட்வாய் நகர் குழந்தைப்பேறு கிளினிக்கில் காத்திருந்தபோது, பல்வலி தாங்காமல் சிசிலியா கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்தாள். கணவன் பென்சன் அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"ஒருவேளை இந்த மாசம் உண்டாகியிருந்தா? கர்ப்பத்துல வலி மாத்திரை போட்டா, பொறக்கற பையனோட ஆண்மையே பாதிக்குமாம். பேப்பர்ல போட்டிருக்கான்."

"பொண்ணா இருந்தா?"

"அப்ப பரவாயில்ல."

"அச்சா, நல்ல நியாயம்!" என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டாள் சிசிலியா.

உள்ளே டாக்டர் வசுமதி ரிப்போர்ட்டைப் படித்தார்.

"பென்சன், ஜிம் வலிக்குத் தினமும் மாத்திரை போடறீங்களா?"

"ரெண்டே ரெண்டுதான் டாக்டர்."

"நிறுத்துங்க. உங்களுக்கு விந்தணு ரொம்பக் கம்மி. அந்த மாத்திரையும் காரணமா இருக்கலாம். கல்யாணமாகி ஆறு வருஷமாக் குழந்தை உண்டாகலைன்னா, அதுக்கு இவங்க காரணமில்ல."

வெளியே வந்ததும் சிசிலியா அவனிடம் போனை நீட்டினாள்.

"உங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. ஆறு வருஷமா எனக்காக ஜெபம் பண்றாங்க. இனிமே ஜெபத்துல பேரை மாத்திக்கட்டும்."